தேரைப் பலகை

சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள் என்று நம் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தாயம், பல்லாங்குழி, பரமபதம், கொஞ்சம் வசதியான வீடு என்றால் கேரம் போர்டு. காலையில் நடந்து முடித்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் நீங்கள் எல்லாரும் இதைத்தான் பேசுகிறீர்கள். அது தீர்ந்தால் அடுத்த பேச்சு சர்க்கரை. உங்களுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு, வெறும் வயிற்றில் எவ்வளவு. இரண்டு பேச்சிலும் நான் வாயைத் திறப்பதில்லை. "சார் ரொம்ப அமுக்கம்" என்று போன வாரம் ஒருவர் கிண்டல் செய்தார். அமுக்கமெல்லாம் இல்லை. எனக்கு அந்த இரண்டும் ஒரே பேச்சு. வாயால் சொல்ல வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஆடியது தேரைப் பலகை. அந்தப் பெயரை வைத்தவள் என் தங்கை. கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. அப்பா செய்தது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெரிய வீடொன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் துவைக்கிற கல், அதை ஒட்டிக் குளியலறை. அப்பாவுக்குத் திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை. இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து பார்ப்பார்கள். அந்த மரவேலைப் பிரிவில் இருந்தார். கார்த்திகை மாத அடைமழையில் ஒரு நாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்து வைத்தார். கழிவு மரம், கேட்டுத்தான் எடுத்து வந்தேன் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனாலேயே அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

முழங்கை நீளத் தேக்குப் பலகை. அதில் வரிசையாக ஏழு குழி. ஒரு பக்கம் மூன்று தவளை, மறு பக்கம் மூன்று தேரை, நடுக்குழி காலி. தவளைகளுக்கு மெஷினுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட், முதுகு வழுவழு. தேரைகளுக்குக் காவி நிறம், முதுகெல்லாம் ஆணி முனையால் குத்திக் குத்தி எழுப்பிய முண்டுகள். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். புது மரமும் வார்னிஷும் சேர்ந்த வாசனை. தவளை வலப்பக்கம்தான் போகலாம், தேரை இடப்பக்கம்தான் போகலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் நகரலாம், எதிராளி ஒருத்தன் மட்டும் குறுக்கே நின்றால் தாண்டிக் குதிக்கலாம். யாரும் பின்னால் வரக் கூடாது. இரண்டு பேர் ஆடினால், நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர் தோற்றார். ஒருவரே ஆடினால், தவளைகள் எல்லாம் தேரைகள் இடத்துக்கும் தேரைகள் எல்லாம் தவளைகள் இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

பார்க்கப் பச்சைக் குழந்தை விளையாட்டு. உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், தெரியும். நான் ஐந்தாம் வகுப்பில் முதல் ராங்க், எனக்கு அது வசப்படவில்லை. பாதி வழியில் எல்லாம் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒன்றாம் வகுப்புப் படித்த என் தங்கை, பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் பேசாமல் நகர்த்திக்கொண்டிருந்தாள். மாலையில் ஒரு கத்தல். எல்லாரும் ஓடிப் போய்ப் பார்த்தோம். பச்சை அந்தப் பக்கம், காவி இந்தப் பக்கம்.

"எப்படிடீ?" என்றேன். எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

"ஒரே கூட்டம் பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டா வழி அடைச்சுக்கும் அண்ணா. ஒரு தவள, ஒரு தேரன்னு கலந்து உக்கார வைக்கணும்."

அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "இவ இன்ஜினியர்டா" என்று அவளைத் தூக்கிச் சுற்றினார். அவளை அப்பா பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நாங்களும் அப்படித்தான்.

இருவர் ஆடும்போது அவள் எப்போதும் தேரை. "தவள அழகா இருக்கு, அத எல்லாரும் எடுத்துப்பாங்க. இது பாவம்" என்பாள். காலியாக இருக்கிற நடுக்குழிக்குக் குளம் என்று பெயர் வைத்தாள். தேரை அங்கே வந்தால் ஒரு ஆட்டம் நிற்க வேண்டும். "இருங்க, அது தண்ணி குடிச்சுட்டு வரட்டும்." சட்டத்தில் இல்லாத சட்டம். நான் சண்டை போட்டுத் தோற்றுவிட்டு, காத்திருப்பேன்.

அந்த மழைக்காலத்தில் நிஜத் தேரை ஒன்றும் வீட்டுக்குள் வந்தது. சமையலறை மூலையில் மணலைப் பரப்பி அதன் மேல் குடிதண்ணீர்ப் பானை வைத்திருப்போம். பானை கசிந்து மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்கு அது அங்கே குடிவந்துவிட்டது. அம்மா விளக்குமாற்றால் விரட்டுவாள், மறுநாள் மறுபடி அதே இடத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாப்பாவுக்குக் கொண்டாட்டம். மரத் தேரையை எடுத்துப் போய் அதன் முன்னால் வைத்து, "பாரு, உன் தம்பி" என்று அறிமுகம் செய்தாள்.

பொங்கல் கழிந்தது. பாப்பா இளைக்க ஆரம்பித்தாள்.

இப்போது எழுதும்போது ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நிற்கிறது. அப்போது எதுவும் வரிசையாக வரவில்லை. பாவாடை இடுப்பில் நிற்காமல் அம்மா ஊக்கு குத்தி அனுப்பினாள். படுக்கையை நனைத்தாள், இவ்வளவு வளர்ந்த பெண்ணுக்கு இது என்ன பழக்கம் என்று திட்டு வாங்கினாள். வகுப்பில் அடிக்கடி வெளியே போகக் கேட்கிறாள், கவனம் இல்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். தண்ணீர், தண்ணீர் என்று பானையிடமே நின்றாள். லோட்டாவை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் குடிப்பாள். குடித்து முடித்து மறுபடி மொண்டு குடிப்பாள். தெருமுனை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் இளைத்தால் அந்தக் காலத்தில் எல்லாரும் கொடுக்கிற பூச்சி மருந்தும், உடம்பு தேற ஒரு தித்திப்பு டானிக்கும் கொடுத்தார்.

அப்புறம் எறும்பு. குளியலறை மூலையில், அவள் ஒன்றுக்குப் போகிற இடத்தில், சாக்கடை வாய் வரைக்கும் சாரை சாரையாக எறும்பு. நான் போகிற மூலையில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"பானகம் குடிச்சுட்டு டம்ளரை அங்க கழுவியிருப்பீங்க. போடா, வேற வேலையில்ல" என்று சொல்லி மண்ணெண்ணெய் ஊற்றினாள். மறுநாள் எறும்பு வந்தது. மறுபடி ஊற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் உப்பிலியபுரத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். குழந்தை கிடையாது. வந்தால் வீடு நிறைந்துவிடும். கடலை உருண்டை, எள்ளுருண்டை, ஒரு மண்டை வெல்லம், கூடை நிறைய வாழைப்பழம், இவ்வளவையும் தலைச்சுமையாகக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, "எங்கடா என் தங்கம்?" என்று கூப்பிட்டாள். பாப்பா சமையலறையிலிருந்து லோட்டாவோடு வந்து நின்றாள். அத்தை முகம் மாறிவிட்டது.

"அடி ஆத்தி, என்னம்மா இது, எலும்பும் தோலுமா நிக்குது?"

அப்போது பானையடியிலிருந்து அந்தத் தேரை ஒரு குதி குதித்து பாப்பாவின் காலடியில் வந்து உட்கார்ந்தது. பாப்பா சிரித்தாள். அவள் ஒரு கையில் லோட்டா, இன்னொரு கையில் மரத் தேரை. அத்தை இரண்டு தேரையையும் பார்த்தாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உடைத்தால் பருப்பு இல்லாத தேங்காயைத் தேரை மோந்த தேங்காய் என்போம். காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டே போகிற பிள்ளையைத் தேரை விழுந்த பிள்ளை என்போம். மேலே விழுந்தாலும் போதும், அது குடித்த தண்ணீரைக் குடித்தாலும் போதும், பிள்ளை உடம்பில் ஒன்றும் ஒட்டாது என்பார்கள்.

"தம்பி, பிள்ளைக்குத் தேரை விழுந்திருக்கு. அது பானையடியில கிடக்கு, இவ பானையைவிட்டு நகர மாட்டேங்கிறா. போதாததுக்கு நீ வேற மரத்துல தேரையச் செஞ்சு கையில குடுத்திருக்க. எவனாவது செய்வானா?"

அப்பா படித்தவர்தான். அளவு பார்த்து வேலை செய்கிறவர், நூல் அளவு பிசகினாலும் மரத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் டானிக் பாட்டில் தீர்ந்து, பிள்ளை இன்னும் இளைத்திருந்தது. பயந்துபோன மனிதனிடம் யாராவது ஒருத்தர் திடமாகப் பேசினால் போதும்.

ஆக, வைத்தியம் ஆரம்பித்தது. மந்திரித்த கறுப்புக் கயிறு இடுப்பில் ஏறியது. பானை சமையலறை அலமாரி உச்சிக்குப் போனது. தேரை மோந்த தண்ணீர் உடம்பைவிட்டு இறங்குகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் கூடாது, தாகம் என்றால் வெல்லம் போட்டுக் காய்ச்சின கஞ்சிதான் என்று அத்தை சொன்னாள். காலையில் தேனில் ஊறிய பேரீச்சம்பழம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பழமும் சர்க்கரையும் பிசைந்து. கோயிலில் இருந்து அக்காரவடிசில் வந்தால் எனக்கு ஒரு வாய், அவளுக்கு மீதி முழுக்க. அத்தை மடியில் போட்டு, கதை சொல்லிச் சொல்லி ஊட்டினாள். அவ்வளவு அன்பாக யாரும் யாருக்கும் ஊட்டி நான் பார்த்ததில்லை. அவள் வெறுப்போடு ஊட்டியிருந்தால் நானும் அவளை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாமே.

"அம்மா, தண்ணிம்மா."

"கஞ்சி குடிடா கண்ணு."

"கஞ்சி வேணாம், தண்ணி. கொஞ்சூண்டு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாப்பா துணி அலசுகிற தொட்டியில் வாயை வைத்துக் குடித்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடக் குழாய்க்குக் கூட்டிப் போய் வயிறு முட்டக் குடிக்கச் சொல்வேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் ஸ்டூல் போட்டு ஏறி லோட்டாவில் மொண்டு கொடுப்பேன். அவள் குடிக்கும்போது தொண்டையில் களுக் களுக் என்று சத்தம் வரும். யாருக்காவது கேட்டுவிடுமோ என்று அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

பலகை மட்டும் இன்னும் வீட்டில் இருந்தது. அதையும் ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் தோஷம் கழியும் என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்பா பலகையைத் துண்டில் சுற்றினார். பாப்பா அழுது புரளவில்லை, அதற்குத் தெம்பில்லை. "தேரைங்களை மட்டும் விட்டுட்டுப் போங்கப்பா. அது ஒண்ணும் பண்ணல" என்றாள். அப்பா செருப்பை மாட்டினார். நானும் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மாசி மாதம். கொள்ளிடத்தில் எங்கே பார்த்தாலும் மணல், நடுவில் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர். அப்பா முழங்கால் அளவில் இறங்கி நின்று, ஒரு தேங்காயை விட்டு, பலகையை விட்டு, ஒவ்வொரு காயாக விட்டார். பச்சை மூன்றையும் சட்டென்று போட்டுவிட்டார். காவி ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் முதுகைத் தடவிவிட்டுத்தான் போட்டார். நான் அவர் நல்லபடியாகச் செய்து முடித்த எதையும் அதற்கு முன்னால் அவரே தூக்கிப் போட்டுப் பார்த்ததில்லை.

அதற்கடுத்த சில நாளில் பாப்பாவின் வாயிலிருந்து ஒரு வாசனை வந்தது. பழுத்த பழத்தின் வாசனை. அத்தைக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாம்மா, சாப்பிட்டது உடம்புல ஒட்டுது. பழ வாசனை வருது பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னாள். அம்மாவும் குனிந்து முகர்ந்து, எத்தனையோ நாளுக்கு அப்புறம் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் பாப்பா மூச்சை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தாள். வாந்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்க நேரம் ஆனது. அப்பா வாடகைக் காருக்கு ஓடினார். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பாப்பா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, கீழே இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. குனிந்து பாப்பாவின் வாய்க்கருகில் முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து சூடு காட்டினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"குழந்தைக்கு ரத்தத்துல சர்க்கரை ஏகமா இருக்குங்க. ரொம்ப நாளா இருந்திருக்கு. நிறைய தண்ணி கேட்டாளா?"

"கேட்டா" என்றாள் அம்மா. "நாங்க குடுக்கலங்க."

டாக்டரம்மா பாப்பாவின் வறண்ட உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு வந்துச்சா?" என்று கேட்டார்.

பெரியவர்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதவோரத்தில் இருந்த நான்தான் வந்தது என்று சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் நான் அவ்வப்போது பார்த்திருக்கிறேன், சமையலறைச் சுவரில் எறும்பு ஊர்ந்தால்.

குழந்தைகளுக்குக்கூட சர்க்கரை வரும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது கார் வைத்திருக்கிற, தொந்தி போட்ட, வயதானவர்களுக்கு வருகிற வியாதி. தெரியாததற்கு யார் மேல் கோபப்படுவது? நான் பட்டிருக்கிறேன், வருஷக்கணக்காக. அத்தை மேல், அப்பா மேல், அந்தப் பானையடித் தேரை மேல்கூட. இப்போது எனக்கே சர்க்கரை, தினமும் ஊசி. வயிற்றில் குத்திக்கொள்ளும்போது கோபம் எல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை, அழுகைதான் வருகிறது.

ஊசி போட்டார்கள். கையில் பாட்டில் ஏற்றினார்கள். பகல் ஏறியபோது பாப்பாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. அப்பாவைத் தேடினாள்.

"அப்பா, என் தேரை எங்க?"

அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதோ எடுத்துட்டு வரேன் பாப்பா."

"இப்ப எங்கங்க போறீங்க? அதைத்தான் ஆத்துல..." என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவர் படி இறங்கிவிட்டார்.

வேறு மரத்துண்டில் ஒன்று செதுக்கிக் கொண்டு வந்திருக்கலாம். இருபது வருஷம் கழித்து நான் இதை ஒரு தடவை கேட்டேன். "அவ தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாடா" என்றார்.

பாப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்ப்பது நின்றது. மூச்சு வேகமாகி, மெதுவாகி, டாக்டரம்மா ஓடி வந்து, எங்களை வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கட்டில் கிட்டே போனாள். பாப்பாவின் பாவாடை ஊக்கைக் கழற்றி, சரியாக மடித்து, மறுபடி குத்தினாள். அத்தை சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகு அப்பா வந்தார். பேண்ட் முழங்காலுக்கு மேல் நனைந்து மணல் ஒட்டியிருந்தது. கையெல்லாம் நாணல் கீறல். கதவுக்கு வெளியே இருக்கும்போதே குரல் கேட்டது.

"பாப்பா, கிடைச்சுடுச்சு! ஒண்ணு கிடைச்சுடுச்சு!"

உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். நீட்டின கை நீட்டினபடியே நின்றது. காவிப் பெயிண்ட் அங்கங்கே உரிந்த மரத் தேரை, உள்ளங்கையில் ஈரமாக உட்கார்ந்திருந்தது.

யாரும் நகரவில்லை. அத்தைதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்பா கையிலிருந்து அதை வாங்கினாள். பாப்பாவின் வலது கையை எடுத்து, தேரையை உள்ளே வைத்து, ஒவ்வொரு விரலாக மூடினாள். அப்புறம் வராந்தாவுக்குப் போனாள். அங்கே நோயாளிகளுக்காக ஒரு பானை இருந்தது. டம்ளர் நிறைய மொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்தாள்.

"குடிடா கண்ணு" என்றாள். "எவ்வளவு வேணும்னாலும் குடி. இனிமே அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

உதட்டோரமாக ஊற்றினாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து, காது மடலை நனைத்து, தலையணையில் பரவியது. அத்தை டம்ளர் காலியாகிற வரைக்கும் ஊற்றினாள். பிறகு மறுபடி மொண்டுவரப் போனாள்.